பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

நம்மில் பலர் உறைபனியைக் கண்ட ஒரே இடம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டுத்தான். பனிச்சறுக்கு என்றதும் தொலைக்காட்சியில் பார்த்த காட்சி நினைவுக்கு வரும். இரு நீண்ட பலகைகளில் நின்றபடி ஒருவர் வெண்ணிறச் சரிவில் வழுக்கி இறங்குவார். அவர் உச்சிக்கு எப்படிப் போனார் என்று நாம் கேட்பதில்லை. பெரும்பாலும் கம்பிவடத்தில் தொங்கும் இருக்கையில் அமர்ந்து போயிருப்பார். ஆனால் அல்ப்ஸ் மலைநாடுகளிலும் நோர்வேயிலும் வேறொரு சாராரும் உள்ளனர். வடமோ பாதையோ இல்லாத மலைகளில், அதே பலகைகளை அணிந்து நடந்தே ஏறிப் பின்னர் சறுக்கி இறங்குபவர்கள் இவர்கள். ஏறும்போது பலகையின் அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்த மயிருடைய பட்டியை ஒட்டிக்கொள்வர். அது முன்னே வழுக்கும், பின்னே சறுக்க விடாது. முன்பு சீல் எனும் கடல்நாயின் தோலைப் பயன்படுத்தினர். இன்று அங்கோரா ஆட்டின் மயிரும் நைலோனும் அந்த வேலையைச் செய்கின்றன.

இவர்களுடைய சப்பாத்தையும் பலகையையும் இணைக்கும் கருவியைப் பற்றியே இக்கட்டுரை. அதைப் பிணைப்பு என்போம். ஏறும்போது அது விரல்பக்கத்தை மட்டும் பிடித்து, குதியை உயர விட வேண்டும். இறங்கும்போது குதியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். விழுந்தால், எலும்பு முறிவதற்கு முன்பே காலை விட்டுவிட வேண்டும். இத்தனைக்கும் பாரம் குறைவாக இருக்க வேண்டும்.

பாரம் ஏன் முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். வடம் உள்ள திடல்களில் பயன்படும் பிணைப்புச் சோடி 2 கிலோகிராமைத் தாண்டும். ஒவ்வொரு காலிலும் 700 கிராமைக் குறைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கால் 3000 அடி எடுத்து வைத்தால், அந்தக் கால் மட்டும் முன்னே தள்ளாமல் தப்பித்த சுமை 2100 கிலோகிராம்!

1980களின் தொடக்கத்தில் ஒஸ்ட்ரியாவின் திரோல் பகுதியைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் பார்த்தெல் என்ற இளைஞர், 4800 மீற்றருக்கும் மேல் உயர்ந்த மொன்ட் பிளாங் மலையில் பாரமான கருவிகளோடு ஏறிக் களைத்தார். அக்காலப் பிணைப்புகளில் சப்பாத்தின் கீழ் நீண்ட உலோகச் சட்டகம் ஒன்று இருந்தது. சப்பாத்தோ ஏற்கனவே விறைப்பான பிளாஸ்டிக். அதற்குக் கீழே இன்னொரு விறைப்பான சட்டகம் எதற்கு என்று அவர் யோசித்தார். சட்டகத்தை நீக்கிவிட்டு, சப்பாத்தையே பிணைப்பின் ஒரு பாகமாக்கினார். பின்னர் டைனபிட் நிறுவனம் அவ்வமைப்பைத் தயாரித்து விற்றது. இன்று பல நிறுவனங்கள் செய்யும் இலகு பிணைப்புகளுக்கு மூலம் அதுவே. சாதாரண பாவனைக்குரிய சோடி ஏறக்குறைய 700 கிராம். பந்தயக்காரர்களுடையது 300 கிராமிலும் குறைவு.

அமைப்பு எளிமையானது. சப்பாத்தின் விரல்பக்கத்தில் இடமும் வலமுமாக இரு உலோகக் குழிகள் இருக்கும். பிணைப்பின் முன்பகுதியிலுள்ள இரண்டு கைகள், விற்சுருளின் விசையால் நண்டின் இடுக்கிபோல் மூடி, தம் முளைகளை அக்குழிகளில் செலுத்தும். அம்முளைகளை அச்சாகக் கொண்டு கால் கதவுபோல் மேலும் கீழும் அசையும். குதிப்பகுதியில் பின்னிருந்து முன்னோக்கி நீளும் இரு முளைகள் உண்டு. குதியை அழுத்தினால் அவை சப்பாத்தினுள் நுழையும். குதிப்பகுதியைத் திருப்பிவிட்டால் நடக்கலாம். கால் பக்கவாட்டில் முறுகும்போது விடுவிப்பதும் இவ்வகையில் குதிப்பகுதியின் பொறுப்பே. திடல் பிணைப்புகளில் அந்த வேலையை முன்பகுதி செய்யும்.

இனிப் பொருத்துதல். என் பார்வையில் விபத்துகளின் விதை விழும் இடம் இதுதான். பலகையில் துளையிட ஒரு தடவைதான் வாய்ப்பு. காகித மாதிரியை அச்சிட்டு ஒட்டித் துளைப்பவர்கள், அச்சுப்பொறி அதைச் சிறிதாக்கிவிடவில்லையா என்று முதலில் அடிமட்டம் வைத்து அளக்க வேண்டும். சப்பாத்தின் நடுக்குறியைப் பலகையின் குறியோடு பொருத்திய பின், முன்பகுதிக்குத் துளையிடுவர். உள்ளே உலோகத் தகடு இல்லாத பலகைக்கு வழமையாக 3.6 மில்லிமீற்றர் துளையலகு, தகடு உள்ளதற்கு 4.1 மில்லிமீற்றர். ஆழம் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர். அலகில் அந்த அளவில் ஒரு நாடாவைச் சுற்றிவிடாமல் துளைப்பவர், பலகையின் அடிப்புறம் வழியே அலகு எட்டிப்பார்ப்பதைக் காண நேரிடும். துளைக்குள் பசை இட்டே திருகாணியை முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் புகுந்து உள்ளேயுள்ள மரம் உக்கும். கடைசி முடுக்கு கையால்தான். மின்கருவியின் வேகத்தில் மரத்தின் புரி அழிந்துவிடும்.

முன்பகுதியைப் பொருத்திய பின் சப்பாத்தை அதில் மாட்டி, குதி விழும் இடத்தைப் பார்த்தே குதிப்பகுதியின் நடுவைக் குறிப்பது நல்லது. குதிப்பகுதி 2 மில்லிமீற்றர் விலகினாலும் ஒரு பக்கம் இலகுவாகவும் மறுபக்கம் கடினமாகவும் விடும். குதிக்கும் பிணைப்புக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி இன்னொரு நுட்பம். பல மாதிரிகளில் அது 4 மில்லிமீற்றர், சிலவற்றில் 5.5, வேறு சிலவற்றில் இடைவெளியே இல்லை. பள்ளத்தில் பலகை வில்போல வளையும்போது முன்பகுதியும் குதிப்பகுதியும் ஒன்றையொன்று நெருங்கும். இடைவெளி போதாவிட்டால் சப்பாத்து நெரிபட்டு, விடும் விசை மாறிவிடும். கூடிவிட்டால் முளைகள் நுனியில் மட்டுமே பிடித்து, குதி திடீரெனக் கழன்றுவிடும்.

விடும் விசையை எடை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், சறுக்கும் பாங்கு ஆகியவற்றைக் கொண்டு அட்டவணையில் பார்த்து அமைப்பர். உயர்தரப் பௌதிகவியலில் நாம் படிக்கும் விசைத்திருப்பமே இங்கும். கால் எவ்வளவு திருப்பத்தைத் தாங்கும் என்பதே கேள்வி. பிணைப்பில் பொறித்த எண்ணை மட்டும் நம்பாமல், கடையிலுள்ள அளவீட்டுக் கருவியில் ஒருமுறை சோதிப்பது அவசியம். கையால் அசைத்துப் பார்த்து "சரி" என்பது சோதனையாகாது.

வேறு அளவுச் சப்பாத்து வாங்கியவர்களுக்குக் குதிப்பகுதியை நகர்த்தும் தண்டவாளம் சில மாதிரிகளில் உண்டு. அது போதாவிட்டால் இடைத்தகடு, அல்லது புதிய துளைகள். புதிய துளையின் மையம் பழையதிலிருந்து குறைந்தது 10 மில்லிமீற்றராவது தள்ளியிருக்க வேண்டும். பழையதை அடைத்துவிட வேண்டும். ஒரே பிணைப்பை இரு பலகைகளில் மாற்றிமாற்றிப் பாவிப்போர் துளைக்குள் புரியுள்ள உலோகக் குழாய்களைப் பதித்துக்கொள்வர். செலவு கூடினாலும் எனக்குப் பிடித்த தீர்வு அதுவே.

மலையில் ஏற்படும் கோளாறுகளில் அடிக்கடி நிகழ்வது மிக அற்பமானது. உச்சியில் பலகையை மாட்டி இறங்கத் தொடங்கிய முதல் வளைவிலேயே சப்பாத்து கழன்றுவிடும். விற்சுருள் பழுதென்று எண்ணத் தோன்றும். பார்த்தால், முன்பகுதியின் கைகளுக்கு அடியிலோ சப்பாத்தின் குழியிலோ நசுங்கி இறுகிய பனி இருக்கும். கைகள் முழுதாக மூடவில்லை. கைத்தடி முனையால் சுரண்டி எடுத்து, மறுபடி மாட்டி, காலைச் சில தடவை முன்னும் பின்னும் வீசிப் பார்க்க வேண்டும். சுத்தம் செய்த பின்னும் கழன்றால் குழிகளின் விளிம்பு தேய்ந்திருக்கலாம்.

அதைவிடப் பயங்கரமான தவறு சத்தமின்றி நடக்கும். ஏறும்போது காலடி தவறிப் பலகை கழலாமலிருக்க, முன்பகுதியின் நெம்புகோலை மேலே இழுத்துப் பூட்டிவிடுவர். உச்சியில் குளிர், காற்று, தோழர்களின் அவசரம். பூட்டை எடுக்க மறந்து இறங்கினால் பிணைப்பு மிக நன்றாகவே பிடித்துக்கொள்ளும். விழும்போதுதான் அது காலை விடவில்லை என்பது தெரியவரும். அப்போது ஒன்றரை மீற்றருக்கும் மேல் நீண்ட பலகை ஒரு நெம்பாக மாறிக் கீழ்க்கால் எலும்பையும் முழங்கால் நாரையும் முறுக்கும். பனிச்சரிவு மூடினாலோ, அதே பலகை மனிதரைக் கீழே இழுக்கும் நங்கூரமாகும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கீழே பாறைப் பள்ளம் வாய்பிளக்கும் செங்குத்துச் சரிவில், பலகை கழன்றாலே உயிர் போகும் என்பதால், தெரிந்தே பூட்டி இறங்கும் தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காலைப் பணயம் வைத்து உயிரைக் காக்கப் பார்க்கிறார்கள். அதை நான் குறைசொல்ல மாட்டேன். மறதியால் பூட்டியிருப்பவர் அந்தக் கணக்கைப் போடவேயில்லை.

பையில் கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை: இரண்டு றப்பர் பட்டி, சிறிது கம்பி, ஓரிரு உதிரித் திருகாணி, பொசிட்ரிவ் 3ஆம் இலக்கத் திருப்புளி முனை. கூட்டல் குறித் தலையுள்ள திருகாணிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வீட்டிலுள்ள சாதாரண திருப்புளி இவற்றில் வழுக்கித் தலையை அரித்துவிடும். பசையில் இறுகிய திருகாணி அசைய மறுத்தால், ஈயப்பற்று வைக்கும் கருவியின் நுனியை அதன் தலையில் சற்று நேரம் வைத்துச் சூடாக்கினால் பசை இளகி விட்டுக்கொடுக்கும். இதை மட்டும் வீட்டிலேயே செய்துவிட்டுப் புறப்பட வேண்டும்.