பெண்கள் எடை தூக்கினால் என்ன ஆகும்?

1983-ம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் பெண்களுக்கான உடற்கட்டுப் போட்டி ஒன்று நடந்தது. ஆஸ்திரேலியாவின் பெவ் ஃபிரான்சிஸ் அதில் கலந்துகொண்டார். வலுதூக்கும் விளையாட்டில் ஏற்கெனவே பெயர் பெற்றவர். மேடையில் நின்றவர்களில் அவரளவுக்குத் தசைத் திரட்சி கொண்ட பெண் வேறு யாரும் இல்லை. ஆனாலும் அவருக்குக் கிடைத்தது எட்டாவது இடம். ‘பம்பிங் அயர்ன் 2: தி விமன்’ என்ற ஆவணப்படம் அந்தப் போட்டியைப் பதிவு செய்திருக்கிறது. ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தசை இருக்கலாம், எந்த அளவைத் தாண்டினால் பெண்மை போய்விடும் என்று நடுவர்கள் வாதாடுவதை அதில் பார்க்கலாம். அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடவில்லை. 2004-ன் இறுதியில் சர்வதேச உடற்கட்டுக் கூட்டமைப்பு, போட்டியிடும் பெண்கள் தங்கள் தசையை 20 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

தசையைப் பார்த்து மதிப்பெண் போடும் துறையிலேயே இந்த நிலை என்றால் மற்ற இடங்களைச் சொல்லவே வேண்டாம். நம் ஊர் ஜிம்களில் பெண்கள் பெரும்பாலும் ட்ரெட்மில்லிலும் சைக்கிளிலும்தான் தென்படுகிறார்கள். டம்பெல் இருக்கும் பக்கம் போனாலும் ஒரு கிலோ, இரண்டு கிலோவோடு நின்றுவிடுகிறார்கள். ‘வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிடுவே’, ‘கை தடிச்சிடும், நாளைக்குக் கல்யாணம் ஆகணும்ல’ என்று வீட்டில் அம்மா எச்சரிக்கிறார். சில இடங்களில் ட்ரெய்னரே எச்சரிக்கிறார். கேட்பதற்கு இது உடலியல் மாதிரி இருக்கிறது. அடியில் இருப்பது கவர்ச்சி பற்றிய பயம்: தசை கூடினால் பார்ப்பவருக்குப் பிடிக்காமல் போய்விடும் என்ற பயம். உடலியலாக இது பிழை. கவர்ச்சி பற்றிய கணக்காகவும் பெரும்பாலும் பிழை. இந்தப் பிழைக்கான விலையைப் பெண்கள் நடுவயதுக்கு மேல் தங்கள் எலும்பிலும் தசையிலும் கொடுக்கிறார்கள்.

முதலில் உடலியல். வளர்ந்த ஆணின் ரத்தத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 8 முதல் 30 நானோமோல் வரை டெஸ்டோஸ்டிரோன் இருக்கும். பெண்ணின் ரத்தத்தில் பொதுவாக 2 நானோமோலுக்கும் கீழே. பருவமடையும் வயதில் தொடங்கும் இந்த வேறுபாடுதான் ஆணுக்குக் கூடுதல் தசையைத் தருகிறது. 468 பேரை எம்.ஆர்.ஐ. மூலம் அளந்து 2000-ல் வெளியான ஆய்வில் ஆண்களின் உடலில் சராசரியாக 33 கிலோ எலும்புத்தசை இருந்தது, பெண்களுக்கு 21 கிலோ. எடை தூக்கும் பயிற்சி இந்த ஹார்மோன் அளவை மாற்றிவிடாது. மேடையில் நிற்கும் உடற்கட்டு வீராங்கனையின் படத்தைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். அந்த உடலுக்குப் பின்னால் பல ஆண்டுகளின் கடும் பயிற்சியும், போட்டிக்கு முன்பு கொழுப்பையும் நீரையும் வற்றவைக்கும் உணவுமுறையும் இருக்கின்றன. பல நேரங்களில் வெளியிலிருந்து ஏற்றப்பட்ட ஆண் ஹார்மோனும் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் ஜிம்முக்குப் போகிறவருக்கு அந்த உடல் தற்செயலாக வந்து சேராது.

சரி, சாதாரணப் பெண்ணுக்கு என்ன ஆகும்? இதை நேரடியாக அளந்திருக்கிறார்கள். 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 342 பெண்களும் 243 ஆண்களும் 12 வாரங்கள் ஒரு கைக்கு மட்டும் படிப்படியாக எடை கூட்டிப் பயிற்சி செய்தார்கள். மேற்கையின் முன்பக்கத் தசையின் குறுக்குப் பரப்பு பெண்களுக்குச் சராசரியாக 18 சதவீதம் கூடியது, ஆண்களுக்கு 20. பதினெட்டு என்றதும் ரவிக்கை தைத்துக்கொள்ளும் பெண் திடுக்கிடலாம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 26 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மேற்கையில் அந்தத் தசை பிடித்திருக்கும் இடம் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது. மற்றது எலும்பு, கொழுப்பு, மேற்கையின் பின்பக்கத் தசை. ஆகவே சுற்றளவில் தெரியும் மாற்றம் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர், தையல் பிரிக்காமலே சமாளிக்கக்கூடிய அளவு. அதே 12 வாரத்தில் அந்தப் பெண்கள் ஒரு தடவையில் தூக்க முடிந்த அதிகபட்ச எடையோ ஏறத்தாழ 64 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆண்களுக்கு இது 40 சதவீதம். விகிதப்படி பெண்களே முந்தினார்கள்.

அளவு கொஞ்சமாகவும் பலம் நிறையவும் கூடுவதற்குக் காரணம் நரம்பு மண்டலம். பயிற்சியின் முதல் வாரங்களில் தசை பெருப்பதற்கு முன்பே, ஏற்கெனவே உள்ள தசை இழைகளை ஒரே நேரத்தில் கூடுதலாக வேலைக்கு அழைக்க மூளை கற்றுக்கொள்கிறது. இந்தியப் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வென்றபோது கிளீன் அண்ட் ஜெர்க்கில் அவர் தலைக்கு மேல் ஏற்றியது 115 கிலோ. தன் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் தூக்குகிற பெண், நம் வீட்டுக் கல்லூரி மாணவியின் எடையில்தான் இருந்தார். பல ஆண்டுகள் தினமும் எடை தூக்கிய பிறகு இருந்த உடல் அது.

தூக்காமல் விட்டால் என்ன இழப்பு என்பது இதைவிட முக்கியம். சாப்பிட்ட பிறகு இன்சுலினின் தூண்டுதலால் ரத்தத்திலிருந்து வெளியேறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். இந்தியர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும் செய்தி. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே அருகருகே வைத்து வெளியிட்டார்கள். இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. குறியீட்டெண் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. ஒல்லியாக இருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கும் இந்தியரிடம் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருக்கலாம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். இதற்கு நம் பெண்கள் தேடும் தீர்வு, இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நடைப்பயிற்சி போவது. பட்டினியால் மட்டும் எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது. எடை இயந்திரத்தில் முள் இறங்குகிறது. சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் உறுப்பும் சேர்ந்து சுருங்குகிறது.

எலும்பின் கதை இன்னும் தெளிவானது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாகத் தேய்கிறது. ‘இனிமேல் எதையும் தூக்காதே’ என்பதுதான் அந்த வயதுப் பெண்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேர்மாறாகச் செய்து பார்த்தார்கள். எலும்பு அடர்த்தி குறைந்த, சராசரி வயது 65 கொண்ட 101 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு எட்டு மாதங்கள், வாரம் இரண்டு தடவை, அரைமணி நேரம், பயிற்சியாளரின் கண்காணிப்பில் டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் பார்பெல் ஏற்றுவது என்று பளுவான பயிற்சிகளைச் செய்தது. தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 80 சதவீதத்துக்கும் மேல். மற்றக் குழு வீட்டில் லேசான பயிற்சி செய்தது. எட்டு மாத முடிவில் பளு தூக்கியவர்களின் இடுப்பு முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. இதற்கும் முன்பே, 1990-ல், அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரங்கள் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. இனி வயதாகிவிட்டது என்ற சமாதானத்துக்கு இடமே இல்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு மறுப்பு எஞ்சும்: ஆரோக்கியம் சரி, ஆனால் அழகு என்று ஒன்று இருக்கிறதே, ஆண்களுக்கு மென்மையான மெலிந்த உடல்தானே பிடிக்கும்? இதையும் ஆய்வுக்கே விடலாம். அமெரிக்க உளவியலாளர்கள் ஃபாலனும் ரோசினும் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், மெலிந்ததிலிருந்து பருத்தது வரையான ஒன்பது உருவங்களைக் கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். ஆண்களுக்கு எந்த உருவம் பிடிக்கும் என்று பெண்கள் காட்டியது, ஆண்கள் தாங்களே பிடிக்கும் என்று காட்டியதைவிட மெலிந்ததாக இருந்தது. அதாவது, யாருக்காக மெலிகிறார்களோ அவர்கள் கேட்காத அளவுக்கு மெலிய ஆசைப்பட்டார்கள். மேலும், பிடித்தம் என்பது ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் கிராமப்புற ஸூலு மக்கள் சதைப்பற்றுள்ள பெண்ணுடலை அழகென்றார்கள். பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த ஸூலு மக்களின் ரசனையோ பிரிட்டிஷ்காரர்களின் பக்கம் நகர்ந்திருந்தது. ஃபிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995-ல் தொலைக்காட்சி வந்தது. கொழுகொழு உடலை மதித்த சமூகம் அது. மூன்றே ஆண்டுகளில், உணவுக் கோளாறுக்கான வினாப்பட்டியலில் அபாய எல்லையைத் தாண்டிய பள்ளி மாணவியரின் பங்கு 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமானது. மூன்று ஆண்டில் மரபணு மாறுவதில்லை. பார்த்த படங்கள் மாறின.

இடுப்புக்கும் புட்டத்துக்கும் உள்ள விகிதம் போன்ற சில அடையாளங்களை மனித மனம் எங்கும் விரும்புகிறது என்று வாதிடும் பரிணாம உளவியலாளர்கள் இருக்கிறார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் எடைப் பயிற்சிக்கு எதிராக அதில் ஒன்றுமில்லை. ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் வளர்ப்பது தொடையையும் புட்டத்தையும்தான். தசை தெரியும் பெண்ணைப் பிடிக்காத ஆண்கள் இருப்பார்கள், உண்மைதான். அப்படிப்பட்ட ஒருவரின் விருப்பத்துக்காக எழுபது வயதின் இடுப்பெலும்பை இருபத்திரண்டு வயதிலேயே பணயம் வைக்கச் சொல்வது அநியாயம். பெண் பார்க்கும் படலம் சில மாதங்களில் முடிந்துவிடும். முதுகெலும்பு கடைசி வரை வர வேண்டும்.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் வாதம்: ‘எங்க பாட்டி எந்த ஜிம்முக்குப் போனா? வீட்டு வேலையே போதும்.’ பாட்டி உரலில் குத்தினார், ஆட்டுக்கல் சுற்றினார், கிணற்றில் இறைத்தார். அந்த வேலைகளை மிக்ஸியும் கிரைண்டரும் மோட்டாரும் எடுத்துக்கொண்டன. அதில் வருந்த எதுவுமில்லை. மிச்சமிருக்கும் வீட்டு வேலை களைப்பைத் தரும், பலத்தைக் கூட்டாது. தசையும் எலும்பும் வளர, தாங்கும் பளு படிப்படியாக ஏற வேண்டும். நேற்று தூக்கிய அதே குடத்தைப் பத்து ஆண்டு தூக்கினால் உடல் அதற்குப் பழகி நின்றுவிடும். பாட்டி காலத்தை நினைவூட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கட்டட வேலையில் சித்தாளாக இருக்கும் பெண் காலை முதல் மாலை வரை செங்கல்லும் கலவையும் சுமந்து மாடிப்படி ஏறுகிறாள். ‘இப்படித் தூக்கினால் ஆம்பள மாதிரி ஆயிடுவே’ என்று யாரும் அவளைத் தடுத்ததில்லை. போதிய உணவும் ஓய்வும் இல்லாத அந்தச் சுமை அவள் உடலைத் தேய்க்கவே செய்கிறது. பிறர் வேலைக்காகத் தூக்கும்போது எழாத பெண்மைக் கேள்வி, தனக்காகத் தூக்கும்போது மட்டும் எழுகிறது. விதிவிலக்கும் உண்டு: நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் விழாவின்போது இளவட்டக்கல் என்ற கனமான கல்லைப் பெண்களும் தூக்குகிறார்கள், ஊரே கைதட்டுகிறது.

எனக்கு உண்மையிலேயே கவலை தரும் மறுப்பு வேறு. மெலிந்த உடல் என்ற அச்சுக்குப் பதிலாக, வயிற்றில் கட்டு தெரியும் உடல் என்ற புதிய அச்சை இன்ஸ்டாகிராம் பெண்கள் மேல் இறக்கிவிடாதா? இறக்குகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2015-ல் கல்லூரி மாணவியருக்கு உடற்பயிற்சி ஊக்கப் படங்களைக் காட்டினார்கள். இன்னொரு குழுவுக்குச் சுற்றுலாப் படங்கள். பயிற்சிப் படங்களைப் பார்த்தவர்கள் தங்கள் உடல் மேல் கூடுதல் அதிருப்தி அடைந்தார்கள், மனநிலையும் சரிந்தது. ஆகவே எடை தூக்கினாலே தன்னம்பிக்கை தானாக வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எதற்காகத் தூக்குகிறோம் என்பது முக்கியம். உடலால் செய்ய முடிகிறவற்றை எழுதிப் பார்க்கச் சொன்ன நெதர்லாந்து ஆய்வில், அந்தச் சிறு பயிற்சியே பெண்களுக்குத் தங்கள் உடல் மீதான திருப்தியைக் கூட்டியது. எடைப் பயிற்சிக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு: அதன் அளவுகோல் கிலோவில் இருக்கிறது. போன மாதம் இருபது கிலோவில் ஐந்து தடவை, இந்த மாதம் இருபத்தைந்து கிலோவில். இதற்குக் கண்ணாடியும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது முக்கியத் தசைகளுக்கெல்லாம் வலுப்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. ஆண், பெண் வேறுபாடில்லாமல். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். அது எளிதானதும் கையில் எடை சேர்க்கலாம். தட்டில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என ஏதாவதொரு புரதம் ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். எலும்புத் தேய்மானம், கர்ப்பப்பை இறக்கம், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு, பயிற்சி தெரிந்தவரின் மேற்பார்வையில் தொடங்க வேண்டும். ட்ரெய்னர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல்நாள் வரும் பெண்ணிடம் ‘எத்தனை கிலோ குறைக்கணும்?’ என்று கேட்டு ட்ரெட்மில்லைக் காட்டாதீர்கள். பார்பெல்லைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். பெற்றோரே, உங்கள் மகளை எடை தூக்க விடுங்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய அம்மாக்கள் அவளோடு சேர்ந்தே போகலாம். பயிற்சியின் தேவை இருவரில் அவர்களுக்குத்தான் அதிகம்.