பிளஸ் டூவுல பிரெஞ்சு: மார்க்குக்கு அப்புறம் என்ன?

பத்தாவது ரிசல்ட் வந்ததும் நமக்கு வர்ற கேள்விகள்ல ஒண்ணு இது: "பிளஸ் ஒன்ல பிரெஞ்சு எடுத்தா மார்க் அள்ளலாம்னு சொல்றாங்களே, எடுக்கலாமா?" எனக்கு ஊர் படாளம். நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டுல பஸ் ஏறினா திண்டிவனம் வழியா சுமார் ரெண்டு மணி நேரத்துல பாண்டிச்சேரி. நானும் பிளஸ் டூவுல பிரெஞ்சு படிச்சவன்தான். அதனால இன்னைக்கு இதைப் பேசிடுவோம்.

முதல்ல விதி. 2006-ல வந்த தமிழ் கற்றல் சட்டத்தால பத்தாவது வரை தமிழ் கட்டாயம் ஆச்சு. பதினொண்ணாவதுல பகுதி ஒன்று மொழியா வேற மொழியை எடுக்கலாம். ஆனா உங்க பள்ளியில பிரெஞ்சு சொல்லித்தர ஆசிரியர் இருக்கணும். நகரத்துத் தனியார் பள்ளிகள்ல இருப்பாங்க, ஊர்ப்பக்கம் தேடணும்.

அடுத்தது மார்க். பிளஸ் டூ மொத்தம் 600. அதுல மொழிக்கு 100. பிரெஞ்சுல 98 வாங்கினா மொத்தம் அழகா இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனா இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட்-ஆஃப் 200-க்குக் கணக்குல 100, இயற்பியல்ல 50, வேதியியல்ல 50. மொழி மார்க் அங்க எட்டிக்கூடப் பார்க்காது. மருத்துவத்துக்கு நீட். அரசு கலைக் கல்லூரிகள்லயும் பெரும்பாலான பாடங்களுக்கு நாலு முதன்மைப் பாடங்களோட 400 மார்க்தான் கணக்கு. அப்போ "மார்க்குக்காக" எடுக்கிற மொழி, நீங்க நினைக்கிற இடத்துல மார்க்காவே போய்ச் சேரலை!

சரி, மொழியாவது மிஞ்சுதா? இங்கதான் விஷயமே இருக்கு. பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வு. பிரெஞ்சோ, எழுத்து ஒரு பக்கம், உச்சரிப்பு ஒரு பக்கம்னு போற மொழி. "நான் பேசறேன், நீ பேசறே, அவன் பேசறான், அவங்க பேசறாங்க": இந்த நாலுலயும் வினைச்சொல் காதுக்கு "பார்ல்"னுதான் விழும். எழுதும்போது மூணு விதம். புத்தகத்தை மட்டும் உருப்போட்டவங்க நூத்துக்கு நூறு வாங்கிட்டு, பாண்டிச்சேரி பீச் ரோட்டுல ஒரு பிரெஞ்சுக்காரர் வழி கேட்டா முழிப்பாங்க.

ஆனா நமக்கு ஒரு சாதகம் இருக்கு. நீ, நீங்கன்னு ஆளைப் பார்த்துப் பேசுறது நம்ம ரத்தத்துல ஊறினது. பிரெஞ்சுலயும் அதே: நண்பனுக்கு "த்யூ", பெரியவங்களுக்கு "வூ". இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே "யூ". இன்னொண்ணு, "மரம்"னு பேச்சுல சொல்லிப் பாருங்க. கடைசியில உதடு மூடாம சத்தம் மூக்கு வழியா போகுதுல்ல? பிரெஞ்சுல "போன்"னு, அதாவது நல்லதுன்னு சொல்ற சொல்லுக்கு வேண்டிய மூக்கொலி அதுக்குப் பக்கத்துலதான் இருக்கு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால்ங்கிற கூத்துதான் நமக்குப் புதுசு. அதைச் சொல்லோட சேர்த்தே மனப்பாடம் பண்ணணும், வேற வழியில்லை.

வேலை, வெளிநாடுன்னு யோசிக்கிறவங்க ஒண்ணைக் கவனிங்க. பிளஸ் டூ பிரெஞ்சு மார்க்கை டெல்ஃப் சான்றிதழுக்குப் பதிலா காட்ட முடியாது. டெல்ஃப்ல ஏ1, ஏ2, பி1, பி2ன்னு படிகள். ஒவ்வொண்ணுலயும் கேட்கிறது, படிக்கிறது, எழுதுறது, பேசுறதுன்னு நாலும் சோதிப்பாங்க. கனடா குடியேற்றத்துக்கு டெஃப் கனடா, டிசிஎஃப் கனடான்னு தனித் தேர்வுகள். சென்னையில அலியான்ஸ் பிரான்சேஸ்ல வகுப்பு இருக்கு. பள்ளியில போட்ட அடித்தளம் அங்க நிச்சயம் உதவும்.

அரசு வேலை கனவு இருந்தா இன்னொண்ணு. 2021 டிசம்பர் அரசாணைப்படி டிஎன்பிஎஸ்சி தேர்வுகள்ல தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். குறைஞ்சது 40 சதவீதம் வேணும். தரம் பத்தாம் வகுப்புதான். அதனால பிரெஞ்சு எடுத்தவங்க பயப்பட வேண்டாம். ஆனா தமிழ்ப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுடாதீங்க.

ஆக, என் பதில் இதுதான். மார்க்குக்காக மட்டும்னா தமிழே போதும். மொழிக்காகன்னா தாராளமா எடுங்க. முதல் நாள்லேருந்தே வாய்விட்டுப் படிங்க, தினம் பத்து நிமிஷம் பிரெஞ்சு வானொலி கேளுங்க. ரெண்டு வருஷம் ரொம்ப நீளம். அதுல ஒரு மொழி உங்க வாய்க்கு வந்துடும்.