பாரிசவாதம்: இரத்த அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

கடந்த வருடம் எனது மாமாவுக்குப் பாரிசவாதம் ஏற்பட்டது. சுபஹ் தொழுகைக்காக வுழூச் செய்து கொண்டிருந்தவரின் வலது கை சோர்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறியது. உடனடியாக 1990 அம்புலன்ஸை அழைத்ததால் உரிய நேரத்துக்குள் வைத்தியசாலையை அடைந்தோம். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின்னர், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

மூன்றாம் நாள் வேறொரு பிரச்சினை வந்தது. இரத்த அறிக்கையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, இணையத்தில் தேடிப் பார்த்த உறவினர் ஒருவர், "நியூட்ரோபில் கூடியிருக்கு, லிம்போசைட் குறைஞ்சிருக்கு. இப்படியான ஆக்கள் எழும்புறது கஷ்டமாம்" என்று கூறிவிட்டார். மாமியும் பிள்ளைகளும் உடைந்து போனார்கள். கை, கால்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் யாருக்கும் மனம் செல்லவில்லை.

அவர் கூறியதில் பாதி உண்மை இருக்கிறது. நியூட்ரோபில், லிம்போசைட் இரண்டும் வெண்குருதிக் கலங்கள். மூளையின் ஒரு பகுதி இரத்தமின்றிச் சேதமடையும்போது உடலில் அழற்சி ஏற்பட்டு, முதலாவது கூடும், இரண்டாவது குறையும். அறிக்கையில் நியூட்ரோபில் 80 வீதம், லிம்போசைட் 10 வீதம் என்றால் விகிதம் 8. சுகதேகிகளில் இது பெரும்பாலும் 1 முதல் 3 வரை இருக்கும். கட்டி கரைக்கும் சிகிச்சை பெற்றவர்களில், விகிதம் கூடியவர்கள் குணமடைவது ஒப்பீட்டளவில் குறைவு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இரத்தத்தில் சீனியின் அளவு கூடியிருப்பதும் அவ்வாறான ஓர் அறிகுறியே. நரம்பு இழைகள் சேதமடையும்போது இரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதத்தையும் ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். ஆனால் அது நாட்கணக்கில் மெதுவாகவே உயர்வதால், முதல் மணித்தியாலங்களில் அதிகம் உதவாது.

மாரடைப்புக்கு ட்ரொபோனின் இருப்பது போல, மூளைக்கென்று நம்பகமான ஒற்றை இரத்தப் பரிசோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. நோயாளியின் வயது, பாதிப்பின் கடுமை, சிகிச்சை தொடங்கிய நேரம், அடைபட்ட குழாய் திறந்ததா என்பவற்றோடு சேர்த்தே இந்த அளவுகளைப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் என்ற வகையில் எனக்கு இது பழக்கமான விடயம். முதலாம் தவணையில் கணிதத்தில் 20 புள்ளி எடுத்த பிள்ளைகளில் பலர் சாதாரண தரத்தில் சித்தியடைவதில்லை. அதற்காக அந்தப் பிள்ளைகளில் ஒருவரைப் பார்த்து, "நீ சித்தியடைய மாட்டாய்" என்று கூற எனக்கு உரிமையில்லை. கூட்டத்தைப் பற்றிய கணக்கு தனிமனிதனின் தீர்ப்பாகாது.

மறுநாள் வைத்தியரிடம் கேட்டபோதுதான் மற்றப் பாதி விளங்கியது. அந்த விகிதம் கிருமித் தொற்றினாலும் உயரும். விழுங்குவதில் சிரமம் இருந்த மாமாவுக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்று, நெஞ்சில் தொற்று ஏற்பட்டிருந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது. நம்பிக்கை இழக்கக் காரணமாகக் கொண்ட அதே இலக்கம், உண்மையில் குணப்படுத்தக்கூடிய ஒன்றையே காட்டியிருக்கிறது.

ஆகவே சகோதர, சகோதரிகளே, அறிக்கையை வைத்தியரிடம் காட்டி, "இது ஏன் கூடியிருக்கிறது? என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். பயிற்சியை நிறுத்தாதீர்கள். குணமடைந்த அளவை வைத்தியர்கள் வழமையாக 3 மாதங்களின் பின்னரே மதிப்பிடுகிறார்கள். அதன் பின்னரும் முன்னேற்றம் வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டி கரைக்கும் மருந்துக்குரிய நேரம் பொதுவாக நாலரை மணித்தியாலங்களே. வாய் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ எண்ணெய் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். துஆச் செய்து கொண்டே வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

மாமாவின் வலது கை இன்னும் பலவீனமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஊன்றுகோலோடு ஜும்ஆவுக்கு நடந்தே செல்கிறார்.