சிங்கப்பூரின் பொதுச் சாப்பாட்டு மேசை

சிங்கப்பூரில் பலர் காலையில் பசியாறுவதும் இரவில் சாப்பிடுவதும் உணவங்காடி நிலையத்தில்தான். சீனரின் கோழிச் சோறு, மலாய்க்காரரின் நாசி லெமாக், தமிழரின் தோசை, இந்திய முஸ்லிம்களின் ரொட்டி பரோட்டா என எல்லாம் ஒரே கூரையின் கீழ்க் கிடைக்கும். லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா நிலையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

முன்பு இந்த உணவுக் கடைகள் தெருவோரத்தில் இருந்தன. சுகாதாரம் கருதி 1970களிலும் 80களிலும் அரசு இந்த வியாபாரிகளைத் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் வசதியுள்ள நிலையங்களுக்கு மாற்றியது. இன்று அத்தகைய நிலையங்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன.

அங்கே காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால், அந்த இடத்தை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று பொருள். பணக்காரரும் கூலித் தொழிலாளியும் அருகருகே அமர்ந்து சாப்பிடுவார்கள். சாப்பிட்டபின் தட்டை நாமே எடுத்துச் சென்று, அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். 2021 முதல் இது கட்டாயம்.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் இடம் அது. சிங்கப்பூர் சென்றால், ஒரு வேளையாவது அங்கே சாப்பிட்டுப் பாருங்கள்.