டம்ளரில் வெந்த காதுகள்

பிறந்தநாள் என்றால் நட்சத்திரம் பார்த்துக் கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம், பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு மிட்டாய் என்றிருந்த தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளுக்குள் கேக் மெல்லத்தான் நுழைந்தது. 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் பெரும்பாலும் அது பேக்கரியிலிருந்து வந்தது. வெள்ளை ஐசிங்கின் மேல் இளஞ்சிவப்பு ரோஜா, இரண்டு பச்சை இலை, குழந்தையின் பெயர், அவ்வளவுதான். குழந்தைக்குப் பிடித்த கார்ட்டூன் உருவம் கேக்கின் மேல் வேண்டுமென்றால் வீட்டில் யாராவது முனைந்து செய்தால்தான் உண்டு. அப்படி முனைந்த அம்மாக்களும் சித்திகளும் சில வீடுகளில் இருந்தார்கள். இன்று அதே உருவம் எந்தத் தெருவிலும் சாத்தியம். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் வசதிகள் பெருகியதோடு, அந்த உருவம் யாருடைய வேலை என்பதும் மாறிவிட்டது.

அடுப்பிலிருந்து தொடங்கலாம். அன்று பல வீடுகளில் கேக் சுடும் அவன் கிடையாது. குக்கரின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மணல், அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் கேக் மாவு ஊற்றிய அலுமினியப் பாத்திரம். மூடியில் காஸ்கெட்டும் இருக்காது, வெயிட்டும் இருக்காது. முட்டைகளின் எடைக்கு எடை மைதா, சர்க்கரை, வெண்ணெய். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு குச்சியைக் குத்திப் பார்ப்பார்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்தது என்று பொருள். சூடு எத்தனை டிகிரி என்பதை மணலின் வாசனையும் கையின் பழக்கமும்தான் சொல்லும். இன்று மேசைமேல் ஒரு சிறு மின் அவன் இருக்கிறது. 180 டிகிரி என்று திருகி வைத்தால் அது அங்கேயே நிற்கிறது. முட்டை சேர்க்காத கேக்குக்கு அன்று டின் பாலை நம்பியிருந்தவர்கள், இன்று தண்ணீரும் எண்ணெயும் கலந்தாலே போதும் என்கிற பிரீமிக்ஸ் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். முட்டையைச் சமையலறைக்குள்ளேயே விடாத வீடுகளிலும் இப்போது எளிதாகக் கேக் வேகிறது. இது சிறிய லாபம் இல்லை.

அடுத்தது வடிவம். மிக்கி மௌஸ் செய்ய வேண்டுமென்றால் பெரிய வட்டம் ஒன்றும் சின்ன வட்டம் இரண்டும் வேண்டும். பெரியது பாத்திரத்தில் வேகும். காதுகள் எவர்சில்வர் டம்ளரில் வேகும். டம்ளர் கேக்கைக் குறுக்கே வெட்டி, ஐசிங் தடவி, முகத்தோடு ஒட்டுவார்கள். இதே கை வழக்கம் வேறு நாட்டிலும் இருந்தது. ஆஸ்திரேலியாவில் ‘விமன்ஸ் வீக்லி’ இதழ் 1980-இல் வெளியிட்ட குழந்தைகள் பிறந்தநாள் கேக் நூல் அங்கே ஒரு தலைமுறையின் நினைவாகவே ஆகிவிட்டது. அட்டையில் பாப்கார்ன் ஏற்றிய ரயில், உள்ளே உருளைக்கிழங்கு சிப்ஸை அலகாக வைத்த வாத்து, ஜெல்லியை நீராக நிரப்பிய நீச்சல் குளம். அந்த நூலும் வீட்டில் இருக்கும் சதுர, வட்டத் தட்டுகளில் சுட்ட கேக்கை வெட்டி ஒட்டித்தான் உருவங்களைச் செய்யச் சொன்னது. இன்று மிக்கியின் தலை வடிவிலேயே அச்சுப் பாத்திரம் கிடைக்கிறது. வெட்டும்போது உதிர்ந்த துண்டுகளுக்காகச் சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு மட்டும் இதில் நஷ்டம்.

ஐசிங்கின் கதை வெயிலோடு சேர்ந்தது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும்; சென்னையின் மே மாதப் பகல் 40 டிகிரியைத் தொடும். அதனால்தான் அன்று வனஸ்பதி கை கொடுத்தது. அதன் உருகுநிலைக்கு இந்தியச் சட்டம் வைத்த மேல் எல்லை 41 டிகிரி. மிக்ஸியில் அரைத்து மெல்லிய துணியில் சலித்த சர்க்கரையை, வெண்ணெயோடு பாதி டால்டாவும் சேர்த்துக் குழைத்தால், மின்விசிறியின் கீழ் மாலை வரை நிற்கும். ஒரு கிலோ கேக்குக்குக் கால் கிலோ கொழுப்பும் அரை கிலோ சர்க்கரையும் போகும். வாயின் மேலண்ணத்தில் மெழுகு போல் ஒட்டிக்கொள்ளும் அந்த இனிப்பை அப்போது யாரும் குறை சொன்னதில்லை. டிரான்ஸ் கொழுப்பு பற்றி அந்தச் சமையலறைகளுக்கு எதுவும் தெரியாது. இந்தியாவில் எண்ணெய், வனஸ்பதி போன்ற கொழுப்புகளில் அதன் அளவு 2021-இல் 3 சதவீதத்துக்கும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்கும் மிகக்கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்டது. இன்று பெட்டியில் வரும் விப்பிங் க்ரீம்தான் பெரும்பாலான வீடுகளில். அதுவும் தாவரக் கொழுப்புதான். ஆனால் அதே கேக்குக்கு ஏறத்தாழ 300 மில்லி போதும். அடிக்க அடிக்க மூன்று மடங்காகப் பொங்கி, லேசாக, குறைந்த இனிப்போடு இருக்கிறது. உறைநிலைப் பெட்டியில் வைத்து, முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, குளிர் விடாமல் அடிக்க வேண்டும். அன்று வெயிலைத் தாங்கும் பொருளைத் தேடினார்கள். இன்று பொருளுக்கேற்ற குளிரை வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறோம்.

நிறங்களில்தான் அன்றைய அம்மாக்கள் அதிகம் போராடினார்கள். வெண்ணெய் இயல்பாகவே மஞ்சள். அதில் நீலம் விட்டால் பச்சை சாயும். சிவப்பு விட்டால் எவ்வளவு விட்டாலும் இளஞ்சிவப்பிலேயே நிற்கும். இன்னும் கொஞ்சம் விட்டால் நீர்த்த நிறத்தில் ஐசிங் தளர்ந்துவிடும். எனவே அன்றைய மிக்கிகளின் கால்சட்டை ரோஸ் நிறம், அன்றைய வானங்கள் பாசி நிறம். கறுப்புக்கு கோகோ பவுடரைக் குழைத்தார்கள். மிக்கியின் காதுகள் அடர்ந்த பழுப்பாக அமைந்தன. இன்று வெள்ளை வெளேர் என்ற க்ரீமில் ஒரு துளி ஜெல் நிறம் போதும். அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் முந்தின இரவே கலந்து மூடி வைக்க, காலைக்குள் தானாகக் கருக்கிறது. இருந்தாலும் உணவில் சேர்க்க அனுமதித்த செயற்கை நிறங்களுக்கும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று நம் விதிகளில் எல்லை உண்டு. படத்தில் உள்ள சிவப்பை அப்படியே கேக்கில் கொண்டுவர நினைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. கறுப்புக்குக் கோகோவில் தொடங்குகிற பழைய வழிதான் இன்றும் நல்ல வழி.

உருவத்தை வரைவது அன்று ஒரு இரவின் வேலை. நோட்டுப் புத்தக லேபிளிலோ ஜியாமெட்ரி பாக்ஸின் மூடியிலோ இருக்கும் படத்தைப் பெரிதாக்கி பட்டர் பேப்பரில் வரைவார்கள். தாளை ஐசிங்கின்மேல் வைத்து, கோட்டின் வழியே குண்டூசியால் குத்திக்கொண்டே போவார்கள். தாளை எடுத்தால் புள்ளிக்கோலம் போல உருவத்தின் தடம் இருக்கும். பழுப்பு ஐசிங்கால் அதை இணைத்து, உள்ளே ஸ்டார் நாசிலால் சின்னச் சின்னப் பூக்களாக நிரப்புவார்கள். பைப்பிங் பை கிடைக்காத வீட்டில் கழுவிக் காயவைத்த பால் கவரின் மூலையை வெட்டிக்கொள்வதும் உண்டு. ஒரு பூ அரை சென்டிமீட்டர் அகலம் என்று கொண்டால், 20 சென்டிமீட்டர் வட்டத்தை நிரப்ப ஆயிரத்துக்கும் மேல் பூக்கள் வேண்டும். ஆயிரம் முறை அழுத்தி, ஆயிரம் முறை விட்டு, கை மரத்துப்போன பிறகுதான் முகம் தெரியும். இன்று சர்க்கரையும் மாவுப்பொருளும் கலந்த தாளில் உணவு நிறங்களால் அச்சிட்டுத் தருகிறார்கள். கைபேசியிலிருந்து படத்தை அனுப்பினால் அன்று மாலையே கைக்கு வந்துவிடும். க்ரீமின்மேல் பரப்பி விளிம்பை நீவிவிட்டால் வேலை முடிந்தது. கண்ணின் ஒளிப்புள்ளி வரை துல்லியம். தாளுக்கு மட்டும் ஈரம் ஆகாது. குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் வியர்த்து நிறம் கசியும் என்பதால் கடைசி நேரத்தில் ஒட்ட வேண்டும். ருசி என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. பல பிள்ளைகள் அதை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள்.

கை வேலை அழிந்துவிட்டது என்று இதனால் சொல்ல முடியாது. அது ஃபாண்டன்டுக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. சர்க்கரையைக் களிமண் போலப் பிசைந்து, இறுகுவதற்குச் சிஎம்சி பவுடர் சேர்த்து, தலை, உடல், கை என்று உருட்டி, இரண்டு மூன்று நாள் காயவிட்டு நிறுத்துகிற வித்தையை நம் ஊரில் இன்று நிறையப் பெண்கள் கற்றிருக்கிறார்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது கசிந்து பளபளக்கும். மழைக்காலத்தில் காயவே காயாது. அந்த எதிர்ப்பை வென்று, சேலையின் மடிப்பு வரை செதுக்கி நிறுத்துகிறவர்களின் திறமை அன்றைய எந்தக் கையையும் விஞ்சியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீட்டில் பொழுதுபோக்காகத் தொடங்கிய பலர் அதையே வருமானமாக்கிக்கொண்டார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்கப் பதிவு எண்ணைப் பெட்டியில் ஒட்டி, சாதாரண க்ரீம் கேக்குக்கு ஒரு விலை, உருவம் வைத்ததற்கு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று தங்கள் நேரத்துக்கு விலை சொல்கிறார்கள். அன்று விடிய விடிய விழித்த சித்திக்குக் கிடைத்ததெல்லாம் பாராட்டு மட்டும்தான். உழைப்புக்கு விலை கேட்கக் கற்றுக்கொண்டதை நான் முழு மனதோடு லாபக் கணக்கில் எழுதுவேன்.

உருவங்களும் மாறின. தூர்தர்ஷன் ஒன்றே இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கார்ட்டூன் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். 1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. 2007-இல் சுட்டி டிவி வந்து, டோராவும் புஜ்ஜியும் தமிழில் பேசத் தொடங்கினார்கள். 2008-இல் சோட்டா பீம். அன்று கேக் செய்கிறவருக்கும் வெட்டுகிறவருக்கும் உண்ண வந்தவர்களுக்கும் உருவம் ஒன்றாகவே தெரிந்திருந்தது. இன்று ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு உலகம், தங்கைக்கு வேறு உலகம். அம்மாவுக்கு இரண்டுமே புதிது. எனவே முதலில் குழந்தையிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கேக்கின்மேல் கேட்கிற கார்ட்டூன் நாய்க்குட்டியின் காது என்ன நீலம், அதன் தங்கை யார், வாலின் நுனி என்ன நிறம்? குழந்தை பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறது. அன்று இப்படியொரு உரையாடல் தேவைப்படவில்லை. இன்று அது வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

ஆனால் வெட்டும் நேரத்தைப் பார்த்தால் இரண்டு காலங்களுக்கும் நடுவிலுள்ள தூரம் தெரிகிறது. அன்று கேக்கே உருவம். மெழுகுவத்தியை ஊதியதும் கத்தியை எங்கே வைப்பது என்று குழந்தை தயங்கும். முகத்தை வெட்டாதே என்று ஒருவர், காதிலிருந்து தொடங்கு என்று இன்னொருவர். காது ஒருவருக்கு, கன்னம் ஒருவருக்கு என்று மிக்கி எல்லோர் தட்டிலும் பகிரப்பட்டு, இரவுக்குள் முடிந்துபோவான். 36 படம் எடுக்கும் ஃபிலிம் சுருளில் கேக்குக்காக ஒதுக்கியது இரண்டோ மூன்றோ. இன்று நூறு படம் எடுத்த பிறகு, மேலே நிற்கும் ஃபாண்டன்ட் பொம்மையையோ பிளாஸ்டிக் பொம்மையையோ பத்திரமாகத் தூக்கி எடுத்துவிடுகிறார்கள். பிறகு அடியில் இருக்கும் கேக்கை வெட்டுகிறார்கள். பொம்மை அலமாரிக்குப் போகிறது. உருவம் கெடாமல் மிஞ்சுகிறது. அதை யாரும் உண்பதில்லை.

அன்றைய கேக்குகளின் உருவங்கள் அசலைப் போல இருந்ததில்லை. ஒரு காது பெரிதாகவும் ஒரு கண் இறங்கியும் இருக்கும். மீதி ஒற்றுமையைக் குழந்தை தன் மனத்திலிருந்து எடுத்துப் போட்டு நிரப்பிக்கொண்டது. அம்மா செய்த பாதியும் குழந்தை கற்பனை செய்த பாதியும் சேர்ந்ததுதான் அந்த மிக்கி. அச்சுத் தாள் அந்த இரண்டாவது பாதியையும் தானே செய்து முடித்துவிடுகிறது. குழந்தைக்குப் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. இழப்பு என்று நான் சொல்வது இதைத்தான். அதற்காக டால்டாவையும் மணல் குக்கரையும் திரும்ப அழைக்க வேண்டியதில்லை. முகத்துக்கு அச்சுத் தாளை ஒட்டிக்கொள்ளலாம், நல்ல க்ரீமும் சரியான அவனும் இருக்கட்டும். சுற்றியுள்ள புல்லையும் வானத்தையும் அந்த நாய்க்குட்டியின் வீட்டையும் பைப்பிங் பையோடு குழந்தையின் கையில் கொடுத்துவிடலாம். புல் கோணலாக வரும், வீடு சாயும். அது அன்றைய கேக்குகளில் இருந்த அதே கோணல்தான். அதை நேராக்காமல் அப்படியே மேசைக்கு எடுத்துவருகிற துணிவு மட்டும் பெரியவர்களுக்கு வேண்டும்.