சட்டத்தரணியாக இருந்த நகைச்சுவை நடிகை

பெண் பிள்ளைகளைச் சட்டம் படிக்க வைப்பதால் என்ன பயன் என்ற கேள்வி, திருக்கோவில் முதல் கல்முனை வரையான நமது கரையோர ஊர்களில் இன்றும் எழவே செய்கின்றது. கலியாணம் முடித்து வீட்டில் இருக்கப் போகிறவளுக்கு இத்தனை செலவு எதற்கு என்று கேட்போரும் உளர். படித்த பின்னர் வேறு தொழிலுக்குப் போனால் படிப்பு வீணாகிவிட்டதே என்று கவலைப்படுவோரும் உளர். இவ்விரு சாராரும் அறிந்துகொள்ள வேண்டியது, அமெரிக்கத் திரைப்பட நடிகை புளோரன்ஸ் பேட்ஸின் வாழ்க்கையாகும்.

பணத்திமிரும் வாய்த்துடுக்கும் நிறைந்த நடுத்தர வயதுச் சீமாட்டியாகத் திரையில் தோன்றி மக்களைச் சிரிக்க வைத்தவர் அவர். அல்பிரட் ஹிட்ச்கொக் இயக்கிய 'ரெபெக்கா' என்ற படத்தில், சம்பளத்துக்கு அமர்த்திய ஏழைப் பெண்ணை அதட்டிக்கொண்டு, முகத்துக்குப் பூசும் கிறீம் போத்தலுக்குள்ளேயே சிகரெட்டை அணைக்கும் வான் ஹொப்பர் சீமாட்டியை எளிதில் மறந்துவிட முடியாது. 1940இல் வெளியான அப்படம் அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. அதே கதையைத் தழுவியே வஹீதா ரஹ்மான் நடித்த 'கோரா' என்ற ஹிந்திப் படம் 1964இல் உருவானது.

ஆனால், திரையில் கண்டு நகைத்தோரில் எத்தனை பேர் அவருடைய முன்கதையை அறிந்திருப்பர்? 1888இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் பிறந்த அவர், 1906இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பட்டம் பெற்றார். ஆசிரியையாகப் பணியாற்றினார். 1909இல் திருமணம் செய்து ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். அம்மண வாழ்க்கை விவாகரத்தில் முடிந்தது. அந்நிலையில், குடும்ப நண்பரான நீதிபதி ஒருவரின் ஊக்குவிப்பினால் சட்டம் பயின்று, 1914இல் தமது 26ஆவது வயதில் சட்டத்தரணியானார். டெக்சாஸின் முதற் பெண் சட்டத்தரணிகளுள் அவரும் ஒருவர்.

அக்காலத்தை எண்ணிப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். 1914இல் டெக்சாஸ் பெண்களுக்கு வாக்குரிமை கிடையாது. கட்சி வேட்பாளர்களைத் தெரிவு செய்யும் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமைகூட 1918இலேயே கிடைத்தது. இந்தியாவில் பெண்கள் சட்டத்தொழில் புரிவதற்கு இருந்த தடை 1923ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே நீங்கியது. இன்னொரு விந்தையும் உண்டு. டெக்சாஸில் ஒரு பெண் சட்டத்தரணி யூரர் சபையின் முன் நின்று வாதாடலாம். ஆனால், பெண் எவரும் அச்சபையில் அமர முடியாது. அத்தடை 1954 நவம்பரிலேயே நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி புளோரன்ஸ் பேட்ஸ் காலமாகிவிட்டார்.

சட்டத்தொழிலில் அவர் நீடித்தது சில ஆண்டுகள் மட்டுமே. பெற்றோரின் மறைவுக்குப் பின் சகோதரியுடன் சேர்ந்து பழம்பொருள் வியாபாரத்தைக் கவனித்தார். 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியும் சகோதரியின் மரணமும் அவ்வியாபாரத்தை முடித்து வைத்தன. எண்ணெய்த் தொழிலில் செல்வந்தராயிருந்த ஒருவரை மறுமணம் புரிந்தார், அச்செல்வமும் கரைந்தது. கணவனும் மனைவியும் லொஸ் ஏஞ்சல்ஸ் சென்று பேக்கரி ஒன்றைத் திறந்து பிழைத்தனர். 1930களின் நடுப்பகுதியில், பசடீனா நாடக அரங்கில் ஜேன் ஒஸ்டினின் 'எம்மா' கதை மேடையேறியபோது, ஓயாது பேசும் மிஸ் பேட்ஸ் என்ற பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. அப்பாத்திரத்தின் பெயரையே தமது மேடைப் பெயராக்கிக் கொண்டார். ஐம்பது வயதைத் தாண்டிய பின்னரே 'ரெபெக்கா' அவரைப் புகழ்பெறச் செய்தது. அதன் பின் சுமார் 60 படங்களில் நடித்தார்.

அவ்வாறாயின், அவர் கற்ற சட்டம் வீணா? இல்லை என்பதே நமது கருத்து. மணமுறிவுக்குப் பின் குழந்தையுடன் நின்ற ஒரு பெண்ணைச் சொந்தக் காலில் நிற்க வைத்தது அக்கல்வியே. ஒரு கதவு மூடப்பட்டபோது அடுத்த கதவைத் தட்டும் துணிவு அவருக்கு இருந்தது. கல்வியின் பயனைச் சம்பளத்தைக் கொண்டு மட்டும் அளப்பது பொருந்தாது.

நமது நாட்டில் 1996இலேயே முதன்முதலாக ஒரு பெண், ஷிராணி பண்டாரநாயக்க, உயர் நீதிமன்ற நீதியரசரானார். 1951இல் இயற்றப்பட்ட முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ ஆண்களை மட்டுமே காதியாக நியமிக்க இடமளித்தது. அச்சட்டத்தில் திருத்தங்களை ஆராய 2009இல் குழு நியமிக்கப்பட்டு, பல ஆண்டுகள் விவாதம் நடந்துள்ளது. அவ்விவாதத்தில் எந்தப் பக்கம் நிற்போரும் ஒன்றை ஏற்றுக்கொள்வர்: விவாகம், தாபரிப்பு, பிள்ளைப் பராமரிப்பு ஆகியவற்றால் நேரடியாகப் பாதிக்கப்படும் பெண்கள் தமது உரிமை எதுவெனத் தெரியாதிருப்பது எவருக்கும் நன்மை தராது. தமிழ்ச் சகோதரிகளின் நிலையும் இதிலிருந்து வேறுபட்டதன்று. யுத்தத்திலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் துணையை இழந்து, காணி உறுதிக்கும் மரணச் சான்றிதழுக்குமாக அலுவலகங்களில் அலைந்த பெண்களை இக்கரையோரம் நன்கறியும்.

ஆகவே, சட்டம் கற்க விரும்பும் மகளைத் தடுக்காதிருப்போம். அவள் நாளை நீதிமன்றத்தில் வாதாடலாம், கடை நடத்தலாம், மேடையேறி மக்களைச் சிரிக்கவும் வைக்கலாம். எங்கு சென்றாலும் கற்றது அவளுடன் செல்லும்.