புடைவைக்கடை அம்மையாரின் கொள்முதற் பயணம்

மாத்தளை நகரின் திருகோணமலை வீதியில் மாலை வேளையில் நடந்து செல்வோர், புடைவைக்கடைகளில் விரித்துத் தொங்கவிடப்பட்டுள்ள சேலைகளையும் சட்டைகளையும் ஒரு கணம் நின்று பாராமற் போவதில்லை. "நல்ல நிறம்" என்போம், "விலை சற்று அதிகம்" என்போம், அப்பாற் செல்வோம். அந்தச் சேலை அங்கு வந்து சேர்ந்த வழி யாது, ஆயிரம் சேலைகளுள் அதனை மட்டும் தேர்ந்தெடுத்தவர் யார், ஏனையவற்றை அவர் ஏன் தள்ளினார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விற்பதே வியாபாரம் என்பது பொதுவான எண்ணம். வாங்குவதிலேதான் வியாபாரத்தின் உயிர் தங்கியுள்ளது என்பதை 2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஆறு வாரங்களுக்கு முன் ஒரு நாள் நாம் நேரிற் கண்டறிந்தோம்.

எம்மிடம் கல்வி பயின்ற மாணவி ஒருத்தியின் தாயார் இந்நகரிற் சிறியதோர் ஆடையகம் நடத்திவருகிறார். கணவரை இழந்த பின்னர் ஒரு தையல் இயந்திரத்தை மட்டும் துணையாகக் கொண்டு தொழில் தொடங்கியவர். அவரை இங்கு அம்மையார் என்றே குறிப்பிடுவோம். எம் இல்லத்தில் ஒரு மங்கல காரியம் நெருங்கியிருந்தமையால், அவர் கொழும்புக்குக் கொள்முதல் செய்யப் புறப்பட்ட நாளில் நாமும் எம் மனைவியாரும் உடன் சென்றோம்.

கையில் ஒரு கொப்பி

பொழுது புலருமுன்னரே பேருந்து புறப்பட்டது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். அம்மையார் உறங்கவில்லை. மடியில் பழைய கொப்பி ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலாற் குறித்த வண்ணம் இருந்தார். எட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஓர் ஊரின் பெயர்: எல்கடுவ, இறத்தோட்டை, உக்குவளை, நாலந்தை. அதன் கீழே விற்ற பொருள்களின் கணக்கு இருக்கும் என்று எண்ணினோம். அஃதன்று, கேட்டும் இல்லாமற் போன பொருள்களின் பட்டியலே அங்கு இருந்தது.

"விற்றதைக் காசுப்பெட்டி சொல்லும், சேர். வந்தவங்க கேட்டு, நான் இல்லை என்று அனுப்பினதை இந்தக் கொப்பி மட்டுந்தான் சொல்லும்" என்றார்.

மாத்தளை மாவட்டத்தில் மூவின மக்களும் கலந்து வாழ்கின்றனர். ஆகவே, இங்கே கடை நடத்துவோர் மூன்று நாட்காட்டிகளை மனத்தில் வைத்திருத்தல் வேண்டும். சித்திரைப் புத்தாண்டும் வெசாக்கும் வருமுன் சிங்களக் குடும்பங்கள் வரும். பௌர்ணமி நாளில் விகாரைக்குச் செல்ல வெள்ளை உடை வேண்டும். திருமணத்துக்குக் கண்டிய முறையில் உடுத்தும் ஒசரிச் சேலை வேண்டும். நோன்பு தொடங்குமுன் முஸ்லிம் குடும்பங்கள் வரும். முத்துமாரியம்மன் கோவில் மாசிமகத் திருவிழாவுக்கும் தைப்பொங்கலுக்கும் மஞ்சளும் சிவப்பும் பச்சையும் வேண்டும். எல்லாவற்றிலும் பெரியது தீபாவளி. அப்பொழுதுதான் தோட்டங்களிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக இறங்கி வருவர்.

அவ்வாண்டு அம்மையாரின் மனத்தை அரித்த கேள்வி நிறத்தைப் பற்றியதன்று. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாக உயர்த்தப்பட்டிருந்தது. அதனை 1,350 ரூபாவாக்கும் அறிவித்தல் 2024 செப்டெம்பரில் வெளிவந்திருந்தது. அந்தப் புதிய சம்பளமும் தீபாவளி முற்பணமும் பண்டிகைக்கு முன் கைக்கு வந்து சேருமா? சேர்ந்தால் எவ்வளவு கடையை எட்டும், எவ்வளவு பழைய கடனுக்குப் போகும்? மலையுச்சியிற் கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் சம்பள நாளை அறியாதவர் கொழும்பிற் சேலை வாங்க இயலாது என்பதை அன்று உணர்ந்தோம்.

வந்த வழி

துணிக்கும் மாத்தளைக்கும் உள்ள தொடர்பு நெடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டுவழியே கால்நடையாக நடந்து, மாத்தளையைக் கடந்தே கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். உடுத்த துணியோடு வந்த அம்மக்களின் சந்ததியினருக்கு, பொட்டணி வியாபாரிகள் தோளிற் சுமந்து சென்று லயங்களின் வாசலிலே சேலை விற்ற காலம் ஒன்று இருந்தது. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்தது, கடைவீதியும் வளர்ந்தது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. இரு கரைகளிலும் புகைவண்டி காத்து நின்றது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களின் போர்ச் சூழலில் நின்றது. இடையே 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெளிநாட்டுத் துணி அரிதாக இருந்த காலமும் உண்டு. 1983 யூலையில் இந்நகரிலே தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன; முதலோடு கொள்முதற் கணக்குகளும் சாம்பலாயின. மீண்டும் கடை திறந்தோர், புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் நம்பிக் கொடுத்த கடன் சரக்கைக் கொண்டே தொடங்கினர் என்று முதியோர் கூறக் கேட்டுள்ளோம்.

புறக்கோட்டையில்

கொழும்பை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கெய்சர் வீதியிலும் பிரதான வீதியிலும் குறுக்குத்தெருக்களிலும் மனிதரும் கைவண்டிகளும் மோதாமல் மோதிக்கொண்டு சென்றனர். "நாட்டாமை" எனப்படும் சுமை தூக்குவோர் ஆளுயரப் பொதிகளைத் தோளில் வைத்துக் குரல் கொடுத்தபடி விரைந்தனர். இரண்டாம் குறுக்குத்தெருவில் 1909இற் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசல் இக்கூட்டத்தின் நடுவே நிமிர்ந்து நின்றது.

அம்மையார் முதல் ஒரு மணி நேரம் எதனையும் வாங்கவில்லை. ஐந்தாறு கடைகளில் ஏறி விலை கேட்டார், தொட்டுப் பார்த்தார், இறங்கினார். "முதற் கடையிலேயே பணத்தை அவிழ்த்தால் மற்றக் கடைகளில் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும்" என்று எம் மனைவியாரிடம் கூறினார்.

அவர் துணியைச் சோதித்த முறை மாணவர்கள் அறிய வேண்டியது. மின்விளக்கின் கீழே நிறம் ஒருவிதம், பகல் வெளிச்சத்தில் வேறுவிதம். ஆதலால் ஒவ்வொரு சேலையையும் வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தார். ஒளிக்கு எதிரே பிடித்து நெசவின் நெருக்கத்தை நோக்கினார். நனைத்த கைக்குட்டையால் ஓர் ஓரத்தைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று ஆராய்ந்தார். ஐயம் எழுந்தபோது கடைக்காரரின் அனுமதியுடன் இரண்டொரு நூலிழைகளை எரித்தும் பார்த்தார். பருத்தி காகிதம் போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகும் நாற்றம் தரும். செயற்கை நூல் உருகிக் கெட்டியான மணியாகும். பட்டென்று சொல்லி விற்கப்படுவதெல்லாம் பட்டன்று என்பதைத் தீக்குச்சி ஒன்று சொல்லிவிடுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. மொத்த வியாபாரத்தில் விரும்பிய நிறத்தை மட்டும் பொறுக்கி எடுக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஒரே வேலைப்பாட்டில் பல நிறங்கள் கொண்ட கட்டை முழுமையாக எடுத்தல் வேண்டும். எட்டு நிறத்தில் ஐந்து விலைபோகும்; மூன்று தட்டிலே தங்கிவிடும். தங்கப்போகும் மூன்றின் முகத்தை முன்கூட்டியே அறிவதுதான் திறமை.

அவர் நெடுங்காலமாகக் கொள்முதல் செய்யும் கடையின் முதலாளி வயது முதிர்ந்த முஸ்லிம் பெரியவர். "வாங்க மகள், இந்த முறை பிந்திட்டீங்களே" என்று வரவேற்றுத் தேநீர் வருவித்தார். அங்கே பன்னிரண்டு சட்டைகள் கட்டப்பட வேண்டிய பொதியில், கடைப் பையன் தவறுதலாகப் பதின்மூன்று வைத்துவிட்டான். அம்மையார் எண்ணி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். பெரியவர் அதனை வாங்கி வைத்துக்கொண்டார். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் கணக்கு முடிந்தபோது, பாதித் தொகைக்குத் தீபாவளி கழிந்த பின்னொரு திகதியிட்ட காசோலையை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். கொள்வதில் மிகையும் கொடுப்பதிற் குறையும் இல்லாத காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்வதை வகுப்பிற் பலமுறை விளக்கியிருக்கிறோம். அதன் பொருளை அந்தச் சிறு கடையின் மரப்பலகையில் அமர்ந்தே முழுமையாக அறிந்தோம்.

வெளிர்நிறச் சேலைகள்

எம் மனைவியாருக்கு ஒரு சேலை மிகவும் பிடித்துவிட்டது. மங்கிய சாம்பல் நிறம், மெல்லிய கரை, பார்க்க மிக நாகரிகமாக இருந்தது. "இதில் ஒரு கட்டு எடுங்களேன்" என்றார்.

அம்மையார் சிரித்தார். "எனக்கும் ஆசைதான், அக்கா. அந்த ஆசைக்கு ஒருமுறை என் தாலிக்கொடியே அடகுக்குப் போனது" என்றார்.

தொழில் தொடங்கிய காலத்தில், தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய வெளிர்நிறச் சேலைகளாக நூறு வாங்கி வந்தாராம். வந்தவர்கள் தடவிப் பார்த்துப் பாராட்டினர், வாங்கவில்லை. பண்டிகைக்கு மங்கிய நிறம் உடுத்த எவரும் விரும்பவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் சேலை, தேர் பார்க்கும் கூட்டத்திலே தொலைவில் நின்றாலும் தெரிய வேண்டும் என்பது அவர்களது நியாயம். அது நியாயமன்று என்று யார் சொல்ல முடியும்?

இதன் கணக்கைச் சற்றே பார்ப்போம். உதாரணமாக, ஒரு சேலை 2,000 ரூபா வீதம் நூறு சேலைகள் வாங்கினால் 200,000 ரூபா. பயணம், சுமை கூலி, லொறிக் கூலி எல்லாம் 10,000 ரூபா என்று கொள்வோம். ஒன்றை 2,600 ரூபாவுக்கு விற்றால், எண்பது சேலைகள் விற்ற பின்னரும் கைக்கு வந்தது 208,000 ரூபாதான். முதல் இன்னும் மீளவில்லை. எண்பத்தோராவது சேலையில்தான் ஆதாயம் தலைகாட்டுகிறது. நூறும் விற்றால் மிச்சம் 50,000 ரூபா. கடை வாடகை, மின்கட்டணம், உதவியாளரின் சம்பளம், கடன் வட்டி, பிள்ளையின் படிப்பு யாவும் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே, கடைசி இருபது சேலைகளே ஒரு குடும்பத்தின் வாழ்வு. கட்டுக்கு மூன்று நிறம் தவறினால் அந்த வாழ்வு தட்டில் உறங்கும்.

இந்தியப் பயணமும் நெருக்கடியும்

வசதி வந்தபோது அம்மையார் இருமுறை சென்னைக்கும் சென்று வந்தார். கோடவுன் தெருவிலும் சௌகார்பேட்டையிலும் மொத்த விலைக்கு வாங்கினார். காஞ்சிபுரம் சென்று தறியருகே நின்று பட்டுச் சேலையின் உடலையும் கரையையும் கோத்து நெய்வதைக் கண்டார். பின்பு பெருந்தொற்று வந்தது, வழி அடைபட்டது. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. அதற்கு முன் ஏறக்குறைய 2,700 இலங்கை ரூபாவுக்கு அடங்கிய ஆயிரம் இந்திய ரூபாச் சேலை, அவ்வாண்டின் நடுப்பகுதியில் 4,600 ரூபாவை எட்டியது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அந்நிலையிற் சேலை எடுப்பவர் யார்?

கடையைப் பூட்டிவிடலாம் என்றே பலர் அறிவுரை கூறினர். அம்மையார் மூன்று இரவுகள் கொப்பியைப் புரட்டினார். நான்காம் நாள் புறக்கோட்டைக்குச் சென்று, பட்டுச் சேலை ஒன்றுகூட எடுக்காமல், கையிலிருந்த பணம் முழுவதற்கும் சிறுபிள்ளைகளின் சட்டைகளை வாங்கினார். "தாய்க்கும் தகப்பனுக்கும் பழசு போதும் என்று இருந்துடுவாங்க, சேர். பிள்ளைக்கு இல்லை என்று எந்தத் தாயும் தீபாவளியன்று சொல்லமாட்டாள்" என்றார். அம்முறையும் பாதிப் பணத்துக்குத் தவணை கொடுத்தவர், தேநீர் வருவித்த அதே பெரியவர்தான். சட்டைகள் விற்றுத் தீர்ந்தன, கடை நிலைத்தது.

இதைக் கேட்டபோது ஓர் உண்மை எமக்குப் புலனாயிற்று. கொள்முதற் பயணத்திற் செல்பவர் தம் கண்களை வீட்டிலே வைத்துவிட்டு, ஊராரின் கண்களைச் சுமந்து செல்கிறார். அவர் விரும்புவதன்று, அவர்கள் விரும்புவதே சரக்கு. பிறரது தேவையையும் வறுமையையும் பெருமிதத்தையும் இத்துணை நுணுக்கமாக அறிந்து வைத்திருப்பதும் ஒரு கல்வியே. அதற்குப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் இல்லை.

பொழுது சாயும் வேளையிற் பொதிகள் லொறியில் ஏற்றப்பட்டன. எம் மனைவியார் சாம்பல் நிறச் சேலை ஒன்றைத் தமக்கென வாங்கிக்கொண்டார். நள்ளிரவு நெருங்கும்போது மாத்தளையை வந்தடைந்தோம்.

அடுத்த ஆண்டு மாசிமகத்தன்று முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதியுலா வந்தபோது, கூட்டத்தின் ஓரத்தில் அம்மையாரைக் கண்டோம். கைகள் கூப்பியிருந்தன, கண்களோ தேரையும் பார்த்தன, தேர் பார்க்க வந்தவர்களின் உடையையும் பார்த்தன. "இதுதான் எனக்குப் பரீட்சை முடிவு, சேர்" என்றார். அப்பொழுது தந்தையின் தோளில் அமர்ந்து ஒரு சிறுமி கடந்து சென்றாள். தீபாவளிக்கு அம்மையாரின் கடையில் எடுத்த மஞ்சட் சட்டை. நாலு மாதத்திலேயே கழுத்தோரம் வெளுத்திருந்தது. அம்மையாரின் முகம் வாடிற்று. கைப்பையைத் திறந்து கொப்பியை எடுத்தார். ஒரு பக்கத்தைத் தேடி, அந்தச் சட்டையின் பெயரை அடித்துவிட்டு, மீண்டும் கைகூப்பினார்.